ஃப்ளோரன்ஸ் பேராலயம்: முன்பதிவு முதல் உச்சிப்படி வரை

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் பேராலயத்துக்கு வருகிறவர்கள் அதை ஒரே கட்டடம், ஒரே வாசல், ஒரே டிக்கெட் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அங்கே பார்க்க வேண்டியவை ஆறு: பேராலயம், அதன் தலைமேல் இருக்கும் குவிமாடம், பக்கத்தில் ஜோட்டோவின் மணிக்கூண்டு, எதிரே எண்கோண வடிவில் திருமுழுக்கு ஆலயம், பேராலயத் தரைக்கு அடியில் பழைய சாந்தா ரெப்பராத்தா ஆலயத்தின் இடிபாடுகள், பின்புறம் அருங்காட்சியகம். பெரும்பாலானவற்றுக்கு நுழையும் வழி வேறு, நேரம் வேறு. பேராலயம் இலவசம், மற்ற ஐந்துக்கும் காசு.

இதில் நேரத்தை முன்கூட்டியே குறித்தாக வேண்டிய முக்கியமான இடம் குவிமாடம். அதை முதலில் குறித்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அடுக்குங்கள். தலைகீழாகச் செய்தவர்கள்தான் சதுக்கத்தில் நின்று போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

1. குவிமாடம் ஏறலாமா, வேண்டாமா?

டிக்கெட் தளத்தைத் திறப்பதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டிய விஷயம் இது. குவிமாடத்துக்கு 463 படிகள். லிஃப்ட் கிடையாது. படிகளின் எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் வழியின் குறுகல். ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். முன்னால் போகிறவர் மூச்சு வாங்க நின்றால் பின்னால் வரும் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். பாதியில் மனம் மாறினால் திரும்புவது சுலபமில்லை.

முழங்கால் வலி, இதயப் பிரச்சினை, மூடிய இடத்தில் மூச்சு முட்டும் பயம், கர்ப்பம் இவற்றில் ஏதாவது இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள். மணிக்கூண்டுக்கும் 414 படிகள் உண்டு, அதிலும் லிஃப்ட் இல்லை. ஆனால் இடையிடையே அகலமான தளங்கள் வருவதால் நின்று இளைப்பாறிப் போகலாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள் ‘படி ஏற முடியும், ஆனால் மெதுவாகத்தான்’ என்று சொன்னால், நான் அவர்களை மணிக்கூண்டுக்குத்தான் அனுப்புவேன்.

2. சரியான பாஸை வாங்குங்கள்

பேராலய நிர்வாகத்துக்கு ஓபரா என்று பெயர். அவர்களின் அதிகாரபூர்வத் தளத்தில் மூன்று பாஸ்கள் உண்டு. கிபெர்ட்டி பாஸில் அருங்காட்சியகம், திருமுழுக்கு ஆலயம், சாந்தா ரெப்பராத்தா மூன்றும் அடங்கும். ஜோட்டோ பாஸில் இவற்றோடு மணிக்கூண்டும் சேரும். புருனெல்லெஸ்கி பாஸில் குவிமாடம் உட்பட எல்லாம். இதை எழுதும்போது விலை முறையே 15, 20, 30 யூரோ.

குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ் வாங்க வேண்டியதில்லை. ஏறுகிறவர்களுக்குப் புருனெல்லெஸ்கி, ஏறாதவர்களுக்குக் கிபெர்ட்டி என்று பிரித்து வாங்கினால் பணம் மிச்சம். குழந்தைகளையும் மறக்காமல் எண்ணிக்கையில் சேருங்கள். குவிமாடத்தில் ஒரு நேரத்துக்கு இத்தனை பேர் என்பது கணக்கு, கைக்குழந்தையும் அதில் ஒரு தலைதான்.

இடைத்தரகர் தளங்களில் ‘வரிசையில் நிற்காமல் பேராலயத்துக்குள் நுழைய’ என்று பெரிய எழுத்தில் விற்பார்கள். வாங்கும் முன் உள்ளே என்னென்ன அடங்கும் என்று படியுங்கள். இலவசமான பேராலயத்தை மட்டும் சுற்றிக்காட்டிவிட்டு, குவிமாடம் இதில் வராது என்று கையை விரிக்கும் ரகங்களும் அதில் உண்டு.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது நல்லது. வங்கி அனுப்பும் ஓடிபி உங்கள் ஊர் எண்ணுக்குத்தான் வரும். ரோமிங் இல்லாமல் இத்தாலியில் இறங்கிவிட்டால் பணம் கட்டும் பக்கத்தோடு நின்றுவிடுவீர்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். வெறும் இனிஷியல் போட்டு எழுதினால், வாசலில் யாராவது சரிபார்க்கும்போது இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

3. நாளையும் நேரத்தையும் பொருத்துங்கள்

பாஸ் மூன்று நாளுக்குச் செல்லும், ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முறைதான். மூன்று நாள் என்பது காலண்டர் கணக்கு. முதல் நாள் மாலை நான்கு மணிக்கு ஆரம்பித்தாலும் அது ஒரு நாள்தான். எந்தத் தேதியிலிருந்து கணக்கு ஆரம்பிக்கிறது என்பதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேராலயம் காலை பத்தேகால் வாக்கில்தான் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கும், மாலை நான்கு மணிக்கு முன்பே மூடிவிடும். நம்மூர்க் கோயில் மாதிரி சாயங்காலம் நடை திறந்திருக்கும் என்று நம்பி, ‘வெயில் தாழட்டும், அப்புறம் போகலாம்’ என்று ஓட்டலில் படுத்துவிட்டு வருகிறவர்களை எல்லாக் கோடையிலும் பார்க்கலாம். ஞாயிறு வழிபாட்டு நாள், பேராலயத்தைச் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். அருங்காட்சியகம் மாதத்தின் முதல் செவ்வாயன்று விடுமுறை. ஈஸ்டர், கிறிஸ்துமஸ் சமயங்களில் எல்லாமே மாறும் என்பதால், போவதற்கு முந்தைய வாரம் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குவிமாடத்துக்கு அன்றைய முதல் நேரத்தைப் பிடிக்க முடிந்தால் பிடியுங்கள். காலை எட்டேகால் அளவில் இருக்கும். காரணம் இரண்டு. வெயில் ஏறுவதற்குள் செங்கல் சுவர்களுக்கு நடுவே ஏறி முடிக்கலாம். ஒன்பதரைக்குள் கீழே இறங்கிவிட்டால், பேராலயம் திறப்பதற்கு முன்பே அந்த வரிசையின் தலைப்பகுதியில் நிற்கலாம். சூரியன் மறையும் நேரத்துக்கான டிக்கெட்டுகளுக்குத்தான் கிராக்கி அதிகம். அந்த நேரத்தை எடுத்தால் அன்று பேராலயத்தை மதியமே பார்த்திருக்க வேண்டும்.

மணிக்கூண்டுக்கும் நேரம் குறிக்கச் சொன்னால் அதை வேறொரு நாளுக்கு வையுங்கள். 463 படிகளும் 414 படிகளும் ஒரே காலையில் என்பது கால்களுக்குச் செய்யும் அநியாயம்.

4. பெட்டியோடு வராதீர்கள்

ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது சாந்தா மரியா நொவெல்லா நிலையம். சில ரயில்கள் காம்போ டி மார்த்தே, ரிஃப்ரேதி என்ற நிலையங்களிலும் நிற்கும். ஃப்ளோரன்ஸ் பெயரைப் பார்த்த அவசரத்தில் அங்கே இறங்கிவிட்டால் இன்னொரு ரயில் பிடிக்க வேண்டும். நொவெல்லாவிலிருந்து பேராலயம் நடக்கிற தூரம்தான்.

விமான நிலையத்திலிருந்து டி2 டிராம் நிலையத்துக்கு அருகே கொண்டுவந்து விடும். வாடகைக் காரில் வருகிறவர்கள் காரை ஊருக்கு வெளியே விட்டுவிடுங்கள். பழைய நகரின் பெரும்பகுதி அனுமதி இல்லாத வண்டிகள் நுழையக் கூடாத பகுதி, வாசல்தோறும் கேமரா. யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், மாதங்கள் கழித்து அபராதச் சீட்டு வீட்டுக்கு வரும்.

ரோமிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புகிறவர்கள் பெட்டியை ரயில் நிலையத்துப் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு வாருங்கள். பெட்டியோடும் பெரிய முதுகுப்பையோடும் பேராலயத்திலும் விடமாட்டார்கள், குவிமாடத்திலும் விடமாட்டார்கள். நடுத்தர அளவுப் பைகளுக்கு அருங்காட்சியகத்தின் பக்கத்தில் ஓபராவின் வைப்பிடம் உண்டு. குவிமாட வாசல் இருப்பதோ வேறு பக்கம், பையைக் கொடுத்துவிட்டு நடந்து வர வேண்டும். அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. உடை, காலணி, கையில் என்ன

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். சேலை, சுடிதார், பேண்ட் எல்லாம் சரி. மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அரைக்கால்சட்டை போட்ட ஆண்கள்தான். கோடையில் கையில்லாத சட்டை போட்டிருந்தால் பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆண்கள் தொப்பியைக் கழற்ற வேண்டும்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். வாசலில் பழக்கதோஷத்தில் குனிந்த என் அத்தையைக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது. ஆனால் படி ஏறும் நாளில் ஹவாய்ச் செருப்பு வேண்டவே வேண்டாம். பல தலைமுறைக் கால்கள் மிதித்த கற்படிகள், நடுவில் குழிந்து வழவழப்பாகிவிட்டன. பிடிமானம் உள்ள ஷூதான் சரி.

கண்ணாடி பாட்டில் அனுமதி இல்லை, சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் போதும். ஏறும் வழியில் கழிப்பறை எதிர்பார்க்காதீர்கள். அருங்காட்சியகத்தில் உண்டு, நினைவில் வையுங்கள்.

6. முடிந்தால் அருங்காட்சியகத்தை முதலில் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் இதைக் கடைசிக்குத் தள்ளி, களைப்பில் விட்டுவிடுகிறார்கள். பாஸ் தேதி இடம் கொடுத்தால் குவிமாடம் ஏறுவதற்கு முந்தைய மாலையே போய்விடுங்கள். புருனெல்லெஸ்கி 1420 முதல் 1436 வரை குவிமாடத்தைக் கட்டியபோது புழங்கிய வகைக் கப்பிகளும் கருவிகளும் மரத்தில் செய்த மாதிரியும் இங்கே இருக்கின்றன. அவரது மரண முகமூடியும் இங்கேதான். இதைப் பார்த்துவிட்டு ஏறினால், மறுநாள் சுவர் நடுவே நடக்கும்போது எதைப் பார்க்கிறோம் என்பது புரியும். பார்க்காமல் ஏறினால் அது வெறும் படிக்கட்டு.

திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவுகளின் அசல்களும் உள்ளேதான். வெளியே சதுக்கத்தில் ‘சொர்க்கவாசல்’ கதவின் முன்னால் ஆட்கள் முண்டியடித்துப் படம் எடுப்பது நகலை. கிபெர்ட்டி செய்த அசலைக் கண்ணாடிக்குப் பின்னால், நெருக்கடி இல்லாமல் நின்று பார்க்கலாம்.

நேரம் குறைவு என்றால் இன்னும் இரண்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று, மைக்கலாஞ்சலோ தன் கல்லறைக்கென்று ஆரம்பித்து, பிறகு சுத்தியலால் தானே உடைத்த பியெத்தா, அதாவது இறந்த இயேசுவைத் தாங்கிப் பிடித்திருக்கும் சிற்பம். இயேசுவின் இடது கால் அதில் இல்லை. மற்றது, சிற்பி டொனத்தெல்லோ மரத்தில் செதுக்கிய மரியா மகதலேனா. மேல்மாடத்தில் குவிமாடத்தை நேராகப் பார்க்க ஒரு மொட்டைமாடியும் உண்டு, அதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் இந்த வரிசையை விட்டுவிடுங்கள். காலையில் குவிமாடம், அடுத்து பேராலயம், சாப்பாட்டுக்குப் பிறகு அருங்காட்சியகம்.

7. குவிமாடம் ஏறுதல்

வாசல் பேராலயத்தின் முகப்பில் இல்லை. முகப்பைப் பார்த்து நின்றால் இடது கைப்பக்கமாக, வடக்குச் சுவரை ஒட்டி நடந்து போக வேண்டும். மந்தோர்லா வாசல் என்பார்கள். குறித்த நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே அங்கே நில்லுங்கள். நுழைவதற்கு முன் பைச் சோதனை உண்டு. நேரத்தைத் தவறவிட்டால் வேறு நேரத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள் என்று நம்ப வேண்டாம். தவறான வரிசையில், அதாவது பேராலயத்தின் இலவச வரிசையில் அரை மணி நேரம் நின்று நேரத்தை இழப்பதுதான் அங்கே அதிகம் நடப்பது.

முதல் கட்டம் சுழல்படி. இங்கே வேகம் காட்டாதீர்கள். எல்லோருடைய தெம்பும் இங்கேதான் வீணாகிறது. பார்க்க ஒன்றுமில்லை என்பதால் ஓடத் தோன்றும், ஆனால் இன்னும் பாதிக்கு மேல் பாக்கி.

அடுத்து சட்டென்று வெளிச்சம் வரும். குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி ஓடும் ஒரு நடைமேடை. ஓவியர் வசாரி 1572-இல் தொடங்கி, அவர் இறந்த பிறகு சுக்காரி 1579-இல் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியம் தலைக்கு மேல் விரியும். அடியில் இருப்பது நரகம், எனவே உங்கள் முகத்துக்கு நேராக வருவது பேய்களும் சித்திரவதையும்தான். கீழிருந்து பார்க்கும்போது சாதாரண அளவில் தெரிந்த உருவங்கள் இங்கே ராட்சத அளவில் நிற்கும். தூரிகையின் முரட்டு இழுப்புகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். தரையில் நிற்பவனுக்காக வரைந்தது அப்படித்தான் இருக்கும். இந்த இடத்தில் ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறவர்கள் நெருக்கினால் சுவரோரமாக ஒதுங்கி நின்றால் போதும்.

அப்புறம்தான் விசேஷமான பகுதி. குவிமாடம் ஒரே ஓடு அல்ல. ஒரு கிண்ணத்தின் மேல் இன்னொரு கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி உள்ஓடு, வெளிஓடு என்று இரண்டு. படி போவது இரண்டுக்கும் நடுவே. ஏற ஏறச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துகொண்டே வரும், உங்கள் உடம்பும் கூடச் சாயும். பூச்சு இல்லாத இடங்களில் செங்கல்லை உற்றுப் பாருங்கள். படுத்த செங்கல் வரிசைகளுக்கு நடுநடுவே செங்குத்தாக நிறுத்திய செங்கற்கள் மீன்முள் மாதிரி மேலேறிப் போகும். சாரத்தின் தாங்கல் இல்லாமல் கட்டும்போது, சுண்ணாம்பு காயும் வரை படுத்த செங்கற்கள் நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்த நின்ற செங்கல்கள்தான். நான் கூட்டிவருகிறவர்களுக்கு விரலால் தொட்டுக் காட்டாமல் விடுவதில்லை.

கடைசிக் கட்டம் உள்ஓட்டின் முதுகின் மேலேயே ஏறும் செங்குத்துப் படி. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் இங்கே எதிர்ப்படுவார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், கைப்பிடியை விடாதீர்கள், பணியாளர் நிற்கச் சொன்னால் நில்லுங்கள். குழந்தையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் ஏறுங்கள், இறங்கும்போது நீங்கள் முன்னால்.

மேலே ஊர் முழுக்கத் தெரியும், குவிமாடம் மட்டும் தெரியாது, நிற்பதே அதன் மேல்தானே. ஏறி இறங்க ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

8. பேராலயத்துக்குள்

முகப்பில் உள்ள வரிசை நீளமாக இருந்தாலும் வேகமாக நகரும். உச்சி வெயிலில் மட்டும் நிற்காதீர்கள், நிழல் கிடையாது. வரிசை பக்கச் சுவரைத் தாண்டி வளைந்துவிட்டது என்றால் நான் திரும்பிப் போய், மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வருவேன்.

உள்ளே நுழைந்தவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். வெளியே பச்சை, வெள்ளை, சிவப்புப் பளிங்கு இழைத்த கட்டடம் உள்ளே வெறுமையாக இருக்கும். பெரிய சிற்பங்கள் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. அதனால் எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் நுழைந்த வாசலை நோக்கித் திரும்பி மேலே பாருங்கள். ஓவியர் ஊச்செல்லோ 1443-இல் வரைந்த கடிகார முகம். 24 மணிப் பிரிவுகள், ஒரே முள், அதுவும் எதிர்த்திசையில் ஓடும். சூரியன் மறைவதோடு ஒரு நாள் முடியும் பழைய இத்தாலியக் கணக்கு அது. முள் இருபதில் நின்றால் பொழுது சாய இன்னும் நான்கு மணி நேரம்.

பிறகு மறுபடி உள்பக்கம் திரும்பினால் இடது சுவர். குதிரைமேல் இரண்டு படைத்தலைவர்கள்: ஹாக்வுட் 1436-இல் ஊச்செல்லோ வரைந்தது, தொலென்தீனோ 1456-இல் கஸ்தாஞ்ஞோ வரைந்தது. இரண்டும் சிலை போலத் தோன்றும்படி தீட்டிய சுவரோவியம். அதே சுவரில் சற்றுத் தள்ளி, ஃப்ளோரன்ஸ் நகரத்தின் முன் புத்தகத்தோடு நிற்கும் கவிஞர் தாந்தே. கடைசியாகக் கயிறு கட்டிய இடம்வரை நடந்து அண்ணாந்து பாருங்கள், காலையில் முகத்துக்கு நேராகப் பார்த்த பேய்கள் எவ்வளவு சின்னதாகத் தெரிகின்றன என்று.

சாந்தா ரெப்பராத்தாவுக்குப் படி பேராலயத்தின் உள்ளிருந்துதான் இறங்குகிறது. எனவே இதை வேறு நாளுக்கு ஒத்திவைத்தால் மறுபடி இலவச வரிசையில் நிற்க வேண்டும். இப்போதே பாஸைக் காட்டி இறங்கிவிடுங்கள். 1972-இல் கண்டெடுத்த புருனெல்லெஸ்கியின் கல்லறை கீழேதான், கம்பிக்குப் பின்னால். அவசரத்தில் பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

திருப்பலிக்காக வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வாசலில் உள்ள பணியாளரிடம் சொன்னால் வழி காட்டுவார். திருப்பலி நேரத்தில் படம் எடுக்கக் கூடாது, பாதியில் எழுந்து சுற்றவும் கூடாது. சுற்றிப் பார்க்கும் குறுக்குவழியாக இதைப் பயன்படுத்தாதீர்கள்.

9. மணிக்கூண்டும் திருமுழுக்கு ஆலயமும்

மணிக்கூண்டின் லாபம் ஒன்றுதான், ஆனால் பெரிய லாபம்: குவிமாடம் முழுதாக, கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். உச்சியில் கம்பிவலை உண்டு. கேமரா லென்ஸை வலையின் கண்ணில் ஒட்டி வைத்தால் படம் சுத்தமாக வரும். இடைத்தளங்களிலும் படம் நன்றாகவே வரும்.

திருமுழுக்கு ஆலயத்தின் கூரை மொசைக்கில் 2023 முதல் சீரமைப்பு வேலை நடந்துவருகிறது. பொன்னிறக் கூரையை முழுவதும் பார்த்துவிடலாம் என்ற நினைப்போடு போகாதீர்கள். பாஸில் அடங்கியிருப்பதால் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

10. வெளியே ஒரு சுற்று

இதற்கு டிக்கெட் வேண்டாம், ஆனாலும் யாரும் செய்வதில்லை. கட்டடத்தின் பின்பக்கம் வந்து குவிமாடத்தின் அடியைப் பாருங்கள். எட்டுப் பக்கங்களில் ஒன்றில் மட்டும் பளிங்கு மாடம் ஓடும், மற்ற ஏழும் மொட்டை. மைக்கலாஞ்சலோ அதை வெட்டுக்கிளிக் கூண்டு என்று கிண்டல் செய்ததால் வேலை நின்றுபோனதாகச் சொல்வார்கள்.

அங்கேயே தரையில் வட்டமான வெள்ளைப் பளிங்குக் கல் ஒன்று பதித்திருக்கும். குவிமாடத்தின் உச்சியில் சிற்பி வெரோக்கியோ செய்து வைத்த பொன் பூசிய உருண்டை மின்னல் தாக்கி உருண்டு விழுந்த இடம் அது. மேசை நாற்காலிகளும் ஆட்களும் மறைத்திருப்பார்கள், தேடித்தான் பார்க்க வேண்டும்.

11. குவிமாட டிக்கெட் தீர்ந்துபோயிருந்தால்

முதலில் ஒன்றிரண்டு நாள் தள்ளிப் பாருங்கள், காலை முதல் நேரங்களும் மதியமும் கடைசியாகத்தான் நிரம்பும். இரண்டு பேருக்குச் சேர்த்து இடமில்லை என்று காட்டினால் ஒவ்வொருவராகத் தேடிப் பாருங்கள், அடுத்தடுத்த நேரங்களில் தனித்தனியாகக் கிடைக்கலாம். சதுக்கத்தில் கையில் டிக்கெட் வைத்துக்கொண்டு விற்கும் ஆட்களிடம் வாங்க வேண்டாம்.

எதுவும் அமையாவிட்டால் ஜோட்டோ பாஸ் எடுத்து மணிக்கூண்டு ஏறுங்கள். படியே வேண்டாம் என்கிறவர்களுக்கு, பேராலயத்துக்குக் கிழக்கே ஓரியுவோலோ தெருவில் ஒப்லாத்தே என்ற பொது நூலகம் இருக்கிறது. நுழைவு இலவசம். மேல்தளத்து காபிக்கடையில் ஒரு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் குவிமாடம் எதிரே நிற்கும். நூலகம் விடுமுறையா என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.